லிஸ்டில் இல்லாத கண்

வேண்டாவுக்கு வயிறு எரிந்தது. பூசி மெழுகிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரிசார்ட் வேனில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, காலை ஏழே காலுக்குப் போனைத் திறந்தவளுக்கு வயிறு குப்பென்று பற்றிக்கொண்டது.

வாட்ஸப் ஸ்டேட்டஸ் வரிசையில் முதல் ஆளாக நின்றவள் துர்காதேவி. வேண்டாவின் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. ஊரப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. அவள் படத்தைச் சுற்றியிருந்த பச்சை வளையம் துண்டு துண்டாக இருந்தது. வேண்டா எண்ணினாள். பதினாலு. கல்யாண வீட்டுக்காரிகூட ஒரு நாளைக்குப் பதினாலு ஸ்டேட்டஸ் போடமாட்டாள்.

துர்காவின் மகள் ஸ்வாதிக்கு மெடிக்கல் சீட்டு கிடைத்துவிட்டது. தெற்கே ஒரு கவர்மெண்ட் காலேஜ். அந்த ஆர்டர் காகிதம் ஒரு படம். அந்தக் காகிதத்தை ஸ்வாதி பிடித்துக்கொண்டிருப்பது ஒரு படம். அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டது ஒரு படம். கேக்கு வெட்டியது, அப்பன் தீனதயாளன் கண்ணைத் துடைத்தது, பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் சால்வை போட்டது என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், 'எங்க வூட்டு முதல் டாக்டரம்மா' என்று தங்கக் கலர் எழுத்து.

"எங்க வூட்டு" என்றால் எந்த வீடு? அண்ணன் தம்பி ரெண்டு பேர் கொண்ட வீடு. அண்ணன் ராஜாராம், வேண்டாவின் புருஷன், ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். அப்போ அந்த வீட்டில் வேண்டாவும் உண்டா இல்லையா? இந்தக் கேள்வியை அவள் வேனுக்குள்ளேயே ஏழெட்டுத் தடவை தனக்குள் கேட்டுக்கொண்டாள். வேன் மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் பதினாலையும் மூன்று சுற்று பார்த்து முடித்திருந்தாள்.

நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், போதும்டா சாமி என்று அவளுக்கு வைத்த பேர் வேண்டா. அச்சரப்பாக்கத்துப் பக்கம் இந்தப் பேரில் வீதிக்கு ஒருத்தி இருப்பாள். பேர்தான் வேண்டாவே தவிர, அவளுக்கு எல்லாமும் வேணும். அடுத்தவளுக்குக் கிடைத்தது முதலில் வேணும். கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் ஒருத்திக்குப் பிரசவ வலி என்றால் முதலில் ஆட்டோ பிடித்து ஓடுகிறவள் அவள்தான். அந்தப் பிள்ளை சிவப்பாகப் பிறந்துவிட்டால் மூன்று நாள் சோறு இறங்காதவளும் அவள்தான்.

அவள் பார்த்தது துர்காவுக்குத் தெரியாது என்பதுதான் இந்தக் கதைக்கே அச்சாணி. அவள் வேலை செய்கிற ரிசார்ட்டில் சூப்பர்வைசர் ஒருத்தன், லீவு நாளிலும் "நாளைக்கு வர முடியுமா" என்று மெசேஜ் தட்டுவான். நீல டிக் விழுந்ததும், "பாத்துட்டுப் பதில் போடலியா" என்று அடுத்த மெசேஜ் வரும். தொல்லை தாங்காமல் மகன் ரஞ்சித்குமாரிடம் போனைக் கொடுத்தாள். அவன் எதையோ அமுக்கி அந்த நீல டிக்கை நிறுத்திவிட்டான்.

"இனிமே நீ எத பாத்தாலும் பாத்தா மாரி காட்டாதும்மா. ஸ்டேட்டஸும் அப்பிடித்தான். நீ பாக்கறது எவனுக்கும் தெரியாது. ஆனா உன் ஸ்டேட்டஸ யாரு பாத்தாங்கன்னு உனக்கும் தெரியாது, பரவால்லியா?"

"நான் இன்னாத்தடா போட்டுக் கிழிக்கப் போறேன், வுடு" என்றாள் வேண்டா.

அவள் போடவில்லைதான். போடுகிற மாதிரி விஷயமே இல்லாமலும் இல்லை. அந்த வருஷம் ரஞ்சித்குமாரும் ப்ளஸ் டூ முடித்திருந்தான். செங்கல்பட்டு கவர்மெண்ட் காலேஜில் பி.காம். சேர்ந்த அன்றைக்குக் காலேஜ் கேட்டுக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். "நல்லாக்கீது" என்று பதில் போட்டாள். அதோடு சரி. ரெண்டு நாள் கழித்து, "ஏம்மா, ஸ்டேட்டஸ் போடலியா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். "பி.காமுக்கெல்லாம் யாருடா ஸ்டேட்டஸ் போடுவா" என்று அவளும் சாதாரணமாகத்தான் சொன்னாள். பையன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

இந்த எரிச்சலுக்கு இன்னொரு அடுப்பும் இருந்தது. ரஞ்சித்தும் ஸ்வாதியும் ஆறாவது போன வருஷம், ரஞ்சித்தை மெட்ரிக் ஸ்கூலில் போட்டாள் வேண்டா. டை, ஷூ, வீட்டு வாசலுக்கே வேன். தீனதயாளனுக்கு அப்போது மறைமலை நகர் கம்பெனியில் வேலை போய் வீட்டோடு இருந்த நேரம். ஸ்வாதியை கவர்மெண்ட் ஸ்கூலில் சேர்த்தார்கள். ஒரு காதுகுத்து விசேஷத்தில், அத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "பொட்டப்புள்ளதானேன்னு அங்க தள்ளிட்டியா துர்கா? போவட்டும், சத்துணவு முட்டையாவது துன்னு தேறும்" என்று சொல்லிச் சிரித்தாள் வேண்டா. எல்லோரும் சிரித்தார்கள். துர்காவும் சிரித்தாள். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

இப்போது என்ன ஆச்சு? கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின இடத்தில்தான் ஸ்வாதிக்குச் சீட்டு. டை கட்டின பிள்ளைக்கு அந்த வரிசையில் நிற்கவே வழியில்லை. இதைக் கேட்டதிலிருந்து வேண்டாவுக்கு ஆறவில்லை. ரஞ்சித்குமார் படித்தது காமர்ஸ். அவன் அந்த டாக்டர் பரீட்சையை எழுதவேயில்லை. தவளைப் படத்தைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும். அதெல்லாம் உண்மைதான். பொறாமை என்றைக்கு குரூப் பார்த்து வந்திருக்கிறது?

ரிசார்ட்டில் அவளுக்கு லினன் ரூமில் வேலை. வெளியே கடல், தென்னை மரம், நீச்சல் குளம். உள்ளே இவளும் ரூத்தும், ஒரு பெரிய ரோலர் மெஷினும். ஒரு பக்கம் ஈரப் படுக்கை விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் ஆவி பறக்கத் தேய்த்துத் தள்ளும். ரூத் மாமல்லபுரத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரி. வாய் நீளம், மனசு வெள்ளை.

நாலு நாளாக ரூத்துக்கு வேறு பேச்சே கேட்கக் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை ஸ்வாதியைத் தெருவே கூடி வாழ்த்தியது. வெள்ளிக்கிழமை கவுன்சிலர் பொன்னாடை போர்த்தினார். சனிக்கிழமை வந்ததுதான் உச்சம். போட்டோ ஸ்டுடியோவில் கொடுக்கிற வெள்ளைக் கோட்டை மாட்டி, ஸ்டெத்தாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டு, ஸ்வாதி மெதுவாகத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வீடியோ. பின்னால் பாட்டு வேறு.

"இன்னொரு தபா காட்டு" என்றாள் ரூத்.

"ஏன், நீயும் எரிஞ்சு சாவவா?"

"எனக்கு இன்னாக்கா எரிச்சலு? பொண்ணு சோக்காக்கீது. உனக்குத்தான் மூஞ்சி இஸ்திரி போட்ட மாரி கீது. அவ்ளோ பேஜாரா இருந்தா பாக்காம வுட்டுடேன்."

"பாக்காம எப்பிடிடி இருக்கறது?"

அதுவும் நியாயம்தான். புண்ணைச் சொறியாதே என்று சொன்னால் கை கேட்குமா? வேண்டா தலையணை உறையை உதறி மெஷினில் கொடுத்தாள். மறுபடி போனை எடுத்தாள். அந்தக் கோட்டு மறுபடி மெதுவாகத் திரும்பியது.

"இன்னாமோ ஒலகத்துலயே இவ ஒருத்திதான் புள்ள பெத்தா மாரி. எப்பிடிப் போயி சேருறான்னு நானும் பாக்கறேன்."

ரூத் மெஷினை நிறுத்திவிட்டாள். "வாய கழுவுக்கா. சின்னப் பொண்ணு அது."

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப?" என்று வேண்டா திருப்பிக் கேட்டாள். சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை துர்காவின் ஸ்டேட்டஸ் வரவில்லை. வேண்டா காலையில் பார்த்தாள், சாப்பிட்டுப் பார்த்தாள், சாயங்காலம் பார்த்தாள். ஒன்றுமில்லை. நியாயமாக நிம்மதி வரவேண்டும். வரவில்லை. திங்கட்கிழமையும் ஒன்றுமில்லை. "ஒரு வழியா ஓஞ்சாளேடா சாமி" என்று ரூத்திடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை வேண்டாவுக்கு ஆஃப். காலையில் துர்காவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வூட்லதான் கீறியா?"

"கீறேன். இன்னாடி, கொரலு ஒரு மாரி கீது?"

"ஸ்வாதிக்கு ஞாயித்துக்கெழமலேர்ந்து ஜொரம்க்கா. நூத்தி மூணு. டாக்டரு ரத்தம்லாம் எடுத்துப் பாத்துட்டு வைரலுன்றாரு. மாத்தர குடுத்தா எறங்குது, திரும்ப ஏறுது. வியாழக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காலேஜுல போயி சேரணும்க்கா. இல்லன்னா சீட்டு அடுத்தவங்களுக்குப் பூடும். புள்ள எழுந்து உக்காரவே மாட்டேன்றா."

"கண்ணுதான்க்கா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நான்தான் வாய வெச்சுகினு சும்மா இருக்காம ஊருக்கே போட்டுக் காட்டிட்டேன். நூத்திப் பன்னெண்டு பேரு பாத்துகீறாங்க. லிஸ்ட்டு அப்பிடியே எடுத்து வெச்சுகீறேன். நீ இன்னிக்கி வந்து சுத்திப் போடணும்க்கா."

"நானா?" என்றாள் வேண்டா. "உங்கம்மாவ கூப்புடேன்டி."

"அம்மாவே பாத்துட்டாங்கக்கா. லிஸ்ட்டுல ரெண்டாவது பேரே அவங்கதான். பெத்தவ கண்ணே பொல்லாதுன்னுவாங்க. சொந்தத்துல பாக்காத ஒரே ஆளு நீதான். மொதல்ல எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு, என் பொண்ணு சேதிய நீ தொட்டுக்கூட பாக்கலியேன்னு. இப்ப நெனச்சா அதுவும் நல்லதுக்குத்தான். உன் கண்ணு ஒண்ணுதான் படாத கண்ணு. நீ சுத்துனாத்தான் எறங்கும். வந்துடுவேல்ல?"

வந்துடுறேன் என்று வேண்டாவின் வாய் சொன்னது. போனை வைத்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுக்கவில்லை, உதறியது. எப்பிடிப் போயி சேருறான்னு பாக்கறேன். சனிக்கிழமை சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதி படுத்துவிட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேணும்?

துர்காவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை போனை எடுத்தாள். எதைச் சொல்வது? உன் மகளை நான் நாற்பது தடவை பார்த்து நாற்பது தடவையும் எரிந்தேன் என்றா? போனைக் கீழே வைத்தாள்.

திருஷ்டி கழிக்க, யார் கண் பட்டதோ அவர்கள் காலடி மண் வேணும். உப்பு மிளகாயோடு அந்த மண்ணையும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டால்தான் பட்ட கண் கழியும். வேண்டா வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் இறங்கினாள். நாலடி நடந்து குழாயடிப் பக்கம் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள். செருப்பைக் கழற்றி, இடது காலை மண்ணில் அழுத்தி எடுத்தாள். குனிந்து, அந்தத் தடத்திலிருந்து ஒரு சிட்டிகை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். தன் காலடி மண்ணைத் தானே திருடிக்கொண்டு போனவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

செங்கல்பட்டுக்கு பஸ். அங்கிருந்து கடற்கரை போகிற மின்சார ரயில். ஜன்னலில் கொளவாய் ஏரி வந்தது, போனது. எதிர் சீட்டில் ஒருத்தி கூடுவாஞ்சேரி வரைக்கும் போனில் யார் யார் ஸ்டேட்டஸையோ தள்ளிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் ஒவ்வொரு மாதிரி ஆனது. எம்முகமும் இப்பிடித்தான் இருந்திருக்குமா என்று வேண்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அசிங்கமாக இருந்தது.

ஊரப்பாக்கத்தில் ரெண்டாவது மாடி. கதவைத் திறந்த துர்கா, அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. தீனதயாளன் ஷிப்டுக்குப் போயிருந்தான்.

"விளக்கு வெக்கற நேரம் ஆவட்டும்க்கா, சுத்திடலாம். மண்ணுதான் பெரும் பாடாப் பூட்ச்சு. இங்க எங்க மண்ணு கீது? எங்க பாத்தாலும் டைல்ஸு, சிமெண்ட்டு."

"அப்புறம் இன்னா பண்ண?"

துர்கா ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி. "லிஸ்ட்ட வெச்சுகினு ஒக்காந்து பாத்தேன். பாத்துட்டு சந்தோசமா ஹார்ட்டு போட்டவங்கள வுட்டுட்டேன். பாத்துட்டு ஒண்ணும் போடாம கமுக்கமா இருந்தவளுங்க யாரு? மேல் வூட்டு சரோஜா. எதிர் வூட்டு பூங்கொடி. ரெண்டு பேரு வாசல் மிதியடியும் தட்டி எடுத்துகினு வந்துட்டேன். பூங்கொடி கதவ தொறந்துட்டாக்கா! இன்னா தேடறீங்கன்னு கேக்கறா. காதுத் திருகாணி வுழுந்துடுச்சுன்னேன். அவளும் குனிஞ்சு தேடறா, பாவம்."

வேறு நாளாக இருந்தால் வேண்டா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எதிர் வீட்டுக்காரி, குற்றமறியாதவள், இல்லாத திருகாணியைத் தரையில் தடவித் தேடியிருக்கிறாள். முந்தானை முடிச்சு வேண்டாவின் இடுப்பில் கனத்தது.

உள்ளறையில் ஸ்வாதி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் புதுப் பெட்டி, காலேஜுக்குப் பாதி அடுக்கி, திறந்தபடி கிடந்தது.

"பெரிம்மா, நீங்களாவது சொல்லுங்க. இது வைரல் ஃபீவர். உப்பு மொளகா சுத்துனா வைரஸ் போவாது."

"நீ டாக்டரானப்பறம் சொல்லு, கேட்டுக்கறேன். இப்ப எழுந்து ஒக்காரு."

கையைக் கொடுத்துத் தூக்கினாள். கை அனலாகக் கொதித்தது. இந்தப் பெண்ணைக் குழந்தையில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மாமல்லபுரம் மணலில் நடந்திருக்கிறாள் வேண்டா. இந்தச் சிறுக்கிக்கு என்ன ஆனாலும் தன்னால் தாங்க முடியாது என்று அந்த நிமிஷம் நிஜமாகவே தோன்றியது. அடுத்த நிமிஷமே கண் சுவரில் போய் நின்றது. அந்தச் சீட்டு ஆர்டரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வயிற்றில் பழைய இடத்தில் சுருக்கென்றது. இந்தப் பொறாமைச் சனியனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது என்று வேண்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

விளக்கு ஏற்றினதும் ஸ்வாதியைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தார்கள். துர்கா கல் உப்பும் கடுகும் ஏழு காய்ந்த மிளகாயும் வேண்டாவின் கையில் வைத்து, மிதியடித் தூசியை அதன்மேல் கொட்டினாள். அவள் தீப்பெட்டி எடுக்கத் திரும்பின நேரத்தில் வேண்டா முந்தானையை அவிழ்த்து, தன் மண்ணையும் அதில் சேர்த்துக் கையை மூடிக்கொண்டாள்.

வலமாக மூன்று சுற்று. "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு..." இங்கே குரல் இடறியது. செருமிக்கொண்டு மறுபடி எடுத்தாள். "நாய் கண்ணு, நரி கண்ணு, நல்ல கண்ணு, நொள்ள கண்ணு, கண்டவங்க கண்ணு, காணாதவங்க கண்ணு, எல்லாக் கண்ணும் பொசுங்கிப் போவட்டும்." இடமாக மூன்று சுற்று. ஸ்வாதி அலுத்துக்கொண்டே கைக்குள் மூன்று தரம் தூ தூ என்று துப்பினாள்.

அடுக்குமாடியில் அடுப்பு நெருப்புக்கு எங்கே போவது? கேஸ் அடுப்பில் பழைய இரும்புச் சட்டியைக் காயவைத்திருந்தாள் துர்கா. வேண்டா கையிலிருந்ததை அதில் போட்டாள். கண் படாத மிளகாய் என்றால் நெடி ஏறி வீடே தும்ம வேண்டும். கண் பட்டிருந்தால் கமறவே கமறாது. இதுதான் கணக்கு.

மிளகாய் கருகியது. உப்பு படபடவென்று வெடித்தது. புகை எழுந்தது. ஒரு தும்மல் இல்லை. ஒரு இருமல் இல்லை. மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்ததே என்று கேட்பீர்கள். அங்கிருந்த ரெண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை.

"பாத்தியாக்கா?" என்று துர்கா கத்தினாள். "ஒரு கமறலு இல்ல! எந்தக் கொள்ளிக்கண்ணியோ பாத்துகீறா. எம்மாந் தூரம் வயிறெரிஞ்சிருந்தா இப்பிடி இருக்கும்? எம்பொண்ணு போயி சேரக் கூடாதுன்னு நெனச்ச அவ யாரா இருந்தாலும் சரி, அவ பெத்தது வெளங்குமா? அவ புள்ள படிச்சு உருப்படறத நான் பாக்கறேன். அவ புள்ள தெருத்தெருவா..."

"வாய மூடு!"

துர்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். வேண்டா அவள் வாயைத் தன் கையாலேயே பொத்திவிட்டாள். உப்பும் மண்ணும் ஒட்டின கை.

"புள்ளைய சொல்லாத துர்கா. எம்புள்ளைய சொல்லாத."

துர்கா கையை விலக்கினாள். "உம்புள்ளைய யாருக்கா சொன்னது? நான் அந்தக் கொள்ளிக்கண்ணியத்தானே..."

"நான்தான்டி அது."

சட்டியில் கடைசிக் கடுகு வெடித்தது.

"நான்தான் பாத்தேன். போன்ல எம்பேரு காட்டாது, எம்புள்ள அத நிறுத்தி வெச்சுகீறான். மொத நாளு பதினாலும் பாத்தேன். அப்புறம் தெனமும் பாத்தேன். பாத்துப் பாத்து எரிஞ்சேன். எப்பிடிப் போயி சேருறான்னு பாக்கறேன்னு இந்த வாயாலதான் சொன்னேன். எங்காலடி மண்ணையும் அதுலதான் போட்டேன். என்னிய சொல்லு. கை வெளங்காம பூடும்னு சொல்லு, கண்ணு அவிஞ்சு பூடும்னு சொல்லு, கேட்டுக்கறேன். ரஞ்சித்த மட்டும் வுட்டுடு. அவன் ஒண்ணும் பண்ணல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னத திருப்பி எடுடி."

பளார் என்று ஒன்று விழும், அல்லது வெளியே போ என்பாள், ரெண்டில் ஒன்று என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

துர்கா அடுப்பை அணைத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையுமா பாத்த?"

"எல்லாத்தையும்."

"அந்தக் கோட்டு போட்டுகினு திரும்பறாளே, அதையுமா?"

"அத நாப்பது தபா."

துர்கா ஒரு பெருமூச்சு விட்டாள். கோபமான மூச்சாக அது வரவில்லை. பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்கள் சேதி வந்ததும் விடுவார்களே, அப்படி வந்தது. வேண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாலு நாளாக்கா," என்றாள் துர்கா, தரையைப் பார்த்தபடி. "அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா லிஸ்ட்ட தொறந்து பாத்தேன். உன் பேரு வருதா, உன் பேரு வருதான்னு. எவளெவ பேரோ வந்துச்சு. உன் பேரு வரல. அதனாலதான் அடுத்தது போட்டேன். அதனாலதான் கவுன்சிலர வரவழச்சேன். புள்ள ஒடம்பு சுடுது, வேணாம்மா வேணாம்மான்னா. அத இழுத்துகினு போயி ஸ்டுடியோல கோட்டு மாட்டுனேன். மத்தியான வெயில்ல ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சேன். நூத்திப் பன்னெண்டு பேரு பாத்து எனக்கு இன்னா ஆவப்போவுது? நீ பாக்கலன்னா நான் யாருக்குக்கா போட்டேன்?"

வேண்டாவுக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபம்தான். நாலு நாள் எரிந்தது தானாக எரிந்தது என்று இருந்தாள்; கொளுத்தினவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அடிப்பாவி என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் உள்ளறையில் ஸ்வாதி இருமினாள். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ரெண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்திருக்கிறோம் என்று ஒருத்தி சொல்லி இன்னொருத்திக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"மொதல்ல எம்புள்ளைய சொன்னத எடு" என்றாள் வேண்டா.

"எடுத்துட்டேன்."

"மனசுல எடுத்தா ஆச்சா? வாயால சொன்ன, வாயால எடு. பேரு சொல்லி."

"நீ மொதல்ல சொல்லு. எம்பொண்ணு நல்லா இருக்கட்டும்னு சொல்லு. சும்மா ஒப்புக்குச் சொல்லாத. மனசார சொல்லு."

இது என்ன பெரிய காரியம் என்று வேண்டா வாயைத் திறந்தாள். வரவில்லை. ஸ்வாதி என்று ஆரம்பித்தாள், கண்ணாடிச் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது, நிறுத்திவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். வெள்ளைக் கோட்டு வந்து குறுக்கே நின்றது. துர்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தடவை வேண்டா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையில் அந்தப் பெண்ணின் ஜுரச் சூடு இன்னும் ஒட்டியிருந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்வாதி நல்லா இருக்கட்டும். போயி சேரட்டும். பெரிய டாக்டரா வரட்டும்."

"மனசார சொன்னியா?"

வேண்டா பொய் சொல்லவில்லை. "முக்காவாசி" என்றாள்.

துர்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, தெளிவாக, பேர் சொல்லி, "ரஞ்சித்குமாரு நல்லா இருக்கட்டும். பி.காம் படிச்சு ஒசந்த எடத்துக்குப் போவட்டும்" என்றாள்.

"நீ மனசாரவா?"

"நானும் முக்காவாசிதான்க்கா. அதுக்கு மேல வரல."

அதற்கு மேல் ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி வற்புறுத்தவில்லை. அந்த ரெண்டு முக்கால்வாசியை நம்பித்தான் வியாழக்கிழமை விடியற்காலை, ஜுரம் இறங்கின ஒரு பிள்ளை மெடிக்கல் காலேஜுக்கும் இன்னொரு பிள்ளை செங்கல்பட்டுக்கும் கிளம்பிப் போனார்கள்.